ஆஸ்பத்திரிக்குப் போய்வர இலவச வண்டி: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கி முதல் ஏழு கிழமையும் நாங்கள் டாக்ஸியில்தான் போய்வந்தோம். போக 24 பவுண், வர 24 பவுண், கிழமைக்கு மூன்று நாள். ஏழு கிழமையில் ஆயிரம் பவுணுக்கு மேல் போய்விட்டது. எட்டாவது கிழமை, பக்கத்து நாற்காலியில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்த ஒரு வயதான பெண்மணி கேட்டார்: "நீங்கள் ஏன் காசு கொடுத்து வருகிறீர்கள்? என்னைக் கூட்டிவருகிற வண்டி உங்கள் தெருவால்தானே போகிறது?"

அப்போதுதான் எங்களுக்குத் தெரியும், இங்கிலாந்தில் டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரி போகிற எல்லோருக்கும் போக்குவரத்து உதவி உண்டு என்று. யாரும் மறைக்கவில்லை. ஆனால் யாரும் தாமாக வந்து சொல்லவும் இல்லை. அதன் பிறகும் அந்த வண்டி ஒழுங்காக வரத் தொடங்க இன்னும் இரண்டு மாதம் எடுத்தது. அந்த இரண்டு மாதத்தில் பிழை விட்டு விட்டுப் படித்ததை இங்கே எழுதுகிறேன், உங்கள் வீட்டில் இது ஒரு கிழமையில் முடியட்டும் என்று.

இரண்டு விஷயம் முதலிலேயே. இது இங்கிலாந்துக்கு மட்டும்; ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் முறை வேறு. மற்றது, இது முன்கூட்டியே பதிவு செய்து போகிற வண்டி. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் இந்த வண்டியோடு மினக்கெடாமல் உடனே 999.

1. வண்டி யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

எங்களுக்கு மிகப் பெரிய குழப்பம் இதில்தான் வந்தது, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

என்.எச்.எஸ். (அரச மருத்துவச் சேவை) என்பது ஒரே பெயராக இருந்தாலும் நோயாளி வண்டி ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஐ.சி.பி. என்று ஒரு சபை இருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து, தன் பகுதி மக்களுக்கு வேண்டிய மருத்துவச் சேவைகளுக்குக் காசு ஒதுக்கி ஒப்பந்தம் போடுவது அதன் வேலை. லண்டனுக்கு வெளியே நோயாளிப் போக்குவரத்துக்கும் பெரும்பாலும் இந்தச் சபைதான் ஒப்பந்தம் போடுகிறது. வண்டியை ஓட்டுவது அந்தப் பகுதி அம்புலன்ஸ் சேவையாக இருக்கலாம், தனியார் கம்பனியாகவும் இருக்கலாம். லண்டனுக்குள் பெரும்பாலும் ஒவ்வொரு ஆஸ்பத்திரி நிர்வாகமும் தானே ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறது.

இதனால் என்ன? லண்டனில் வண்டி உங்களோடு ஒட்டியதில்லை, ஆஸ்பத்திரியோடு ஒட்டியது. அம்மாவுக்குச் சிறுநீரகம் ஒரு ஆஸ்பத்திரியில், கண் வேறொரு ஆஸ்பத்திரியில். சிறுநீரகப் பக்கம் வண்டி கிடைத்ததும் கண்ணுக்கும் அதே வண்டி வரும் என்று நினைத்துக்கொண்டு காலை ஏழு மணியிலிருந்து யன்னலோரம் அம்மாவை உடுத்தி இருத்தி வைத்திருந்தேன். பத்து மணிக்குப் போன் எடுத்தால், "உங்கள் பெயரே எங்களிடம் இல்லை" என்றார்கள். கண் டொக்டரைப் பார்க்க அடுத்த நேரம் நான்கு மாதத்துக்குப் பிறகுதான் கிடைத்தது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலிருந்தும் வந்த அப்பொயின்ட்மென்ட் கடிதத்தை எடுங்கள். கடைசிப் பக்கத்தில் அல்லது பின்பக்கத்தில் 'பேஷன்ட் டிரான்ஸ்போர்ட்' என்று ஒரு பந்தியும் இலக்கமும் பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் அந்தக் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் கேளுங்கள்: "உங்கள் நோயாளிகளுக்கு வண்டி பதிவு செய்வது யார், இலக்கம் என்ன?" சில பகுதிகளில் நோயாளியே போன் எடுத்துப் பதியலாம், சில இடங்களில் முதல் தடவை ஜி.பி. (குடும்ப வைத்தியர்) அல்லது ஆஸ்பத்திரி ஊழியர் பதிய வேண்டும். டயாலிசிஸ் நிலையம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சின்னக் கட்டடமாக இருந்தாலும் அது ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கிளையாக இருக்கும். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் வண்டிதான் வரும். அங்கே தாதியிடம் கேட்டால் அவரே பதிவு செய்து தருவார். எங்களுக்குக் கடைசியில் அப்படித்தான் நடந்தது.

இரண்டு ஆஸ்பத்திரி என்றால் இரண்டு பதிவு, இரண்டு தகுதிக் கேள்விச் சுற்று. வீடு மாறினாலும் திரும்பக் கேளுங்கள்.

2. தகுதி யாருக்கு

2022 மே மாதத்திலிருந்து இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே தகுதி விதிகள் இருக்கின்றன. சுருக்கமாக:

ஆஸ்பத்திரிக்குப் போய் ஹீமோடயாலிசிஸ் (மெஷினில் இரத்தம் சுத்திகரிப்பது) செய்கிறவர். பயணத்தின்போதோ பிறகோ மருத்துவக் கவனிப்போ விசேட உபகரணமோ தேவைப்படுகிறவர். தனக்கும் மற்றவருக்கும் ஆபத்தில்லாமல் தனியாகப் பயணம் செய்ய முடியாத அளவுக்கு ஞாபகமறதியோ பார்வைக் குறைபாடோ காது கேட்பதில் குறைபாடோ உள்ளவர். நடமாட்டம் மிகவும் குறைந்து, குடும்பத்தாராலோ பொதுப் போக்குவரத்தாலோ டாக்ஸியாலோ பாதுகாப்பாகப் போக முடியாதவர். தனியாகப் பயணம் செய்வது அவருக்குப் பாதுகாப்பில்லை என்று அவரோடு தொடர்புள்ள அலுவலர் ஒருவர் கவலை தெரிவித்திருப்பவர். இவை எதிலும் அடங்காமல், ஆனால் வேறு நடமாட்டப் பிரச்சினையாலோ மருத்துவத் தேவையாலோ சிகிச்சையைத் தவறவிட்டவர் அல்லது மிகவும் பிந்திப் பெற்றவர்.

கடைசி விதியை நினைவில் வையுங்கள். முதல் கேள்விகளில் இல்லை என்று வந்தாலும் இதைச் சொல்லிக் கேட்கலாம். தவறவிட்ட திகதிகள் கையில் இருந்தால் பேச்சுக்குப் பலம்.

டயாலிசிஸ்காரருக்கு உதவி உறுதி, ஆனால் அது எந்த உருவில் வரும் என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது. அம்புலன்ஸ் போன்ற வண்டி வரலாம், சாதாரணக் கார் வரலாம், அல்லது நீங்களே போய்வந்து செலவை எடுக்கும் ஒழுங்கு தரலாம்.

ஜி.பி. சந்திப்புக்கும், பல் வைத்தியருக்கும், பக்கத்துக் கிளினிக்கில் தடுப்பூசிக்கும் பொதுவாக இந்த வண்டி வராது. ஆஸ்பத்திரிச் சிகிச்சை, பரிசோதனை, வார்ட்டிலிருந்து வீட்டுக்கு வருவது, இவற்றுக்குத்தான்.

வண்டிக்குக் கட்டணம் இல்லை. சாரதிக்கு யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

3. போன் எடுக்குமுன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்

நான் முதல் தடவை போன் எடுத்தபோது இருபத்தைந்து நிமிடம் காத்திருந்து, ஆள் வந்ததும் அம்மாவின் என்.எச்.எஸ். இலக்கம் தேடப் போய் இணைப்பை இழந்தேன். ஒரே தாளில் இவை இருக்கட்டும்:

பத்து இலக்க என்.எச்.எஸ். எண். எந்த ஆஸ்பத்திரிக் கடிதத்திலும் மேலே இருக்கும். ஆஸ்பத்திரி எண் வேறு, அதையும் எழுதுங்கள்.

பிறந்த திகதி, வீட்டு விலாசம், போஸ்ட்கோட், ஜி.பி.யின் பெயரும் இடமும்.

அப்பொயின்ட்மென்ட் நாள், நேரம், கிளினிக்கின் சரியான பெயர், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி.

வீட்டு வாசலிலிருந்து தெருவரை எத்தனை படி, வீட்டுக்குள் எத்தனை படி, லிஃப்ட் உண்டா, கைபிடி உண்டா. எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.

ஏறத்தாழ எத்தனை கிலோ. இதை ஏன் கேட்கிறார்கள் என்று அம்மா கோபப்பட்டா. தூக்கும் நாற்காலி எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்கே கேட்கிறார்கள்.

சக்கர நாற்காலி சொந்தமா, கையால் தள்ளுவதா, மின்சாரமா, எவ்வளவு அகலம், வண்டிக்குள் நாற்காலியோடு பூட்டிக்கொண்டு போகக்கூடிய வகையா. கடையில் வாங்கிய சில மெல்லிய நாற்காலிகளை அப்படிப் பூட்ட முடியாது. அப்போது நோயாளியை வண்டி ஆசனத்துக்கு மாற்றித்தான் கொண்டுபோவார்கள்.

ஒட்சிசன் எடுக்கிறவர் என்றால் நிமிடத்துக்கு எத்தனை லீட்டர். தொற்றுநோய் ஏதும் இருந்தால் அதுவும்.

நோயாளி நீங்கள் இல்லை என்றால், நோயாளியை உங்கள் பக்கத்தில் இருத்திக்கொண்டு போன் எடுங்கள். "மகள் பேசலாம்" என்று அவர் வாயால் ஒரு தடவை கேட்பார்கள். ஆங்கிலம் கஷ்டம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம், அதற்குக் காசு இல்லை. "டமில் இன்டர்பிரிட்டர், பிளீஸ்" என்பது போதும்.

4. அந்தப் பத்து நிமிடக் கேள்விகள்

எங்கள் வீடுகளில் வண்டி மறுக்கப்படுவதற்கு முக்கிய காரணம் நோயாளியின் ரோஷம்தான் என்று நான் நினைக்கிறேன்.

"அம்மாவால் நடக்க முடியுமா?" என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். நான் தமிழில் கேட்டேன். அம்மா நிமிர்ந்து இருந்துகொண்டு, "ஓம், நான் நடப்பன் எண்டு சொல்லு பிள்ளை. ஏதோ படுத்த படுக்கை மாதிரிக் கதைக்காத" என்றா. நானும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். "யாருடைய உதவியும் இல்லாமல் நடப்பவர்" என்று பதிந்துவிட்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு சாதாரணக் கார், ஒரு சாரதி. அவருக்குக் கொடுத்த தாளில் வாசலுக்கு வந்து கைபிடித்து இறக்க வேண்டும் என்று எதுவும் இல்லை, அதனால் அவர் தெருவில் காத்திருந்தார். நாங்கள் இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை, 28 படி. போகும்போது நான் இறக்கிவிட்டேன். திரும்பி வரும்போது நான் வேலையில். நான்கு மணி நேரம் டயாலிசிஸ் முடித்து, இரத்த அழுத்தம் விழுந்த நிலையில், அம்மா பதினான்காவது படியில் சுவரோடு சாய்ந்து இருந்ததை மேல்வீட்டுப் பையன் பார்த்துத்தான் எனக்குப் போன் எடுத்தான்.

ஆகவே நல்ல நாளை வைத்துப் பதில் சொல்லாதீர்கள். சிகிச்சை முடிந்து வருகிற மோசமான நாளை வைத்துச் சொல்லுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, உள்ளதைச் சொன்னால் போதும். "வீட்டுக்குள் பத்து அடி நடப்பா. படி இறங்க ஒருவர் பிடிக்க வேண்டும். டயாலிசிஸுக்குப் பிறகு தனியாக எழும்பி நிற்க மாட்டா. போன மாதம் இரண்டு தடவை விழுந்தவ." இப்படி எண்ணிக்கையோடு சொன்னால் அவர்கள் சரியான பெட்டியில் அடையாளமிடுவார்கள். பெட்டிகள் ஏறத்தாழ இவைதான்: தானாக நடப்பவர், ஒருவர் உதவி தேவை, இருவர் உதவி தேவை, சக்கர நாற்காலி, படுக்கை. எந்தப் பெட்டி என்பதைப் பொறுத்தே வண்டியும் ஆட்களும். முடிவில் கேளுங்கள்: "எந்த வகையில் பதிந்திருக்கிறீர்கள்? வாசல் வரை வந்து உதவுவார்களா?" பதிவு எண்ணையும் பேசியவரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மாவின் ரோஷத்துக்கு நான் கண்ட வழி: போன் எடுப்பதற்கு முதல் நாளே இதைப் பற்றிக் கதைத்தேன். "உங்களால் ஏலாது எண்டு சொல்லப் போறதில்லை அம்மா, படியில விழாமல் இருக்கத்தான்" என்றதும் சம்மதித்தா.

5. துணைக்கு ஆள்

கூட ஒருவர் போக வேண்டும் என்றால் பதியும்போதே கேட்க வேண்டும். வண்டி வாசலில் நிற்கும்போது கோட்டைப் போட்டுக்கொண்டு நீங்களும் ஏற முடியாது. இடம் வேறு நோயாளிக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். ஞாபகமறதி, கண் பார்வை இல்லாமை, பிள்ளைகள் போன்ற காரணங்களுக்கு அனுமதி கிடைக்கும். ஆங்கிலம் தெரியாது என்ற ஒரே காரணத்துக்குச் சில இடங்களில் விடுகிறார்கள், சில இடங்களில் ஆஸ்பத்திரியே மொழிபெயர்ப்பாளர் தரும் என்று மறுக்கிறார்கள். மருத்துவக் காரணம் இருந்தால் ஜி.பி. அல்லது தாதியிடமிருந்து இரண்டு வரி கடிதம் எடுத்து வையுங்கள்.

6. எப்போது பதிய வேண்டும்

கடிதம் வந்த அன்றே. பல சேவைகள் குறைந்தது இரண்டு வேலை நாள் முன்னரே கேட்கின்றன. வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்துத் திங்கட்கிழமைக்குக் கேட்டால் கிடைக்காது. டயாலிசிஸ் போல ஒரே நாள்களில் திரும்பத் திரும்பப் போகிறவர் ஒவ்வொரு தடவையும் பதியத் தேவையில்லை, தொடர் பதிவாகப் போடச் சொல்லுங்கள். ஆனால் நாளோ நேரமோ மாறினால் நிலையம் சொல்லிவிடும் என்று நம்பி இருக்காதீர்கள், நீங்களும் சொல்லுங்கள். நத்தார், புதுவருட விடுமுறைக் கிழமைகளில் டயாலிசிஸ் நாள்கள் மாறும். அப்போது வண்டி பழைய நாளில் வந்து நிற்கும், புதிய நாளில் வராது. ஒரு கிழமை முன்னரே சரிபாருங்கள்.

போகாவிட்டால் கட்டாயம் இரத்துச் செய்யுங்கள். வண்டி வந்து வெறுமனே திரும்பினால் அது உங்கள் பதிவில் ஏறும், இன்னொரு நோயாளியின் இடமும் வீணாகும்.

7. வண்டி வரும் நாள்

பல சேவைகளில் அப்பொயின்ட்மென்ட் நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்னரே ஆயத்தமாக இருக்கச் சொல்வார்கள். வழியில் இன்னும் இரண்டு மூன்று பேரை ஏற்றுவார்கள், சுற்றித்தான் போகும். அதனால் பயணம் நீளும்.

பையில் வைக்க வேண்டியவை: அன்றைய மருந்துகள், மருந்துப் பட்டியல், அப்பொயின்ட்மென்ட் கடிதம், போன் சார்ஜர், ஒரு மெல்லிய போர்வை. நீரிழிவு உள்ளவர் என்றால் சீனி இறங்கினால் எடுக்க குளுக்கோஸ் வில்லையும் ஏதாவது சாப்பாடும். டயாலிசிஸ்காரருக்கு அந்தச் சாப்பாடு டயட்டீஷியன் (உணவு ஆலோசகர்) சொன்ன பட்டியலுக்குள் இருக்கட்டும். வாழைப்பழம் வைத்து அனுப்பி நான் ஏச்சு வாங்கினேன்.

வண்டி வரவில்லை என்றால் சொன்ன நேரம் கடந்து இருபது நிமிடத்திலேயே போன் எடுங்கள். முதலில் வண்டிக்காரருக்கு, உடனே கிளினிக்குக்கு. கிளினிக்குக்குச் சொல்லாவிட்டால் "வராதவர்" என்று பதிந்து சில வேளை பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். டயாலிசிஸ் என்றால் அன்றைய நாளைக் கைவிடாதீர்கள். ஒரு தடவை தவறினாலும் உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறும், அது இதயத்துக்கு ஆபத்து. நிலையத்துத் தாதியிடம், "வண்டி வரவில்லை, டாக்ஸியில் வரட்டுமா, காசை யார் தருவார்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் டாக்ஸி அனுப்பலாம், அல்லது நீங்கள் எடுக்கச் சம்மதிக்கலாம். யார் சம்மதித்தார், எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு, ரசீது வாங்குங்கள். சம்மதம் இல்லாமல் எடுத்த டாக்ஸிக்குக் காசு திரும்ப வருவது கஷ்டம்.

8. திரும்பி வருவது

போவதைவிட வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும். கிளினிக் முடிந்ததும் வரவேற்பு மேசையிலோ வண்டிக்கான காத்திருப்பு அறையிலோ "நான் தயார்" என்று சொல்ல வேண்டும். அந்த நிமிடத்திலிருந்துதான் அவர்களுடைய கணக்கு தொடங்கும். அம்மா ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல், வண்டிக்காரர் தன்னைத் தேடி வருவார் என்று இரண்டு மணித்தியாலம் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. ஃபிஸ்டுலாக் கையில் (டயாலிசிஸ் ஊசி போடுகிற கை) பிளாஸ்டர், மற்றக் கையில் வெறும் தண்ணீர்க் கோப்பை.

அன்றிலிருந்து கோட் பொக்கெட்டில் ஒரு சின்ன அட்டை வைத்தேன். ஒரு பக்கம் ஆங்கிலத்தில்: "நான் முடித்துவிட்டேன், என் வண்டிக்குச் சொல்லுங்கள்" என்றும், பதிவு எண்ணும், என் போன் இலக்கமும். மறுபக்கம் தமிழில்: "இதை மேசையில் காட்டுங்கோ." ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு இதைவிட உதவிய பொருள் எதுவும் இல்லை.

9. மறுத்துவிட்டால்

போனில் மறுத்ததை முடிவு என்று எடுக்காதீர்கள். எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று கேளுங்கள், மறுபரிசீலனை வேண்டும் என்று சொல்லுங்கள். விழுந்த நாள்கள், தவறிய அப்பொயின்ட்மென்ட்கள், ஜி.பி. கடிதம் ஆகியவற்றை அப்போது கொடுங்கள். நிலைமை மாறினாலும், உதாரணமாக ஒரு சத்திரசிகிச்சைக்குப் பிறகு, திரும்பக் கேட்கலாம்.

10. செலவைத் திரும்ப எடுப்பது

வண்டி கிடைக்காதவருக்கும், தானே போய்வருகிறவருக்கும் வருமானம் குறைவு என்றால் பயணச் செலவைத் திருப்பித் தரும் திட்டம் ஒன்று உண்டு. நோயாளிப் போக்குவரத்தும் இதுவும் வேறு வேறு. வண்டிக்கு உங்கள் வருமானம் பார்க்கப்படாது, இதற்குப் பார்க்கப்படும்.

பென்ஷன் கிரெடிட்டில் (வருமானம் குறைந்த முதியவருக்கான உதவிப்பணம்) 'கேரண்டி கிரெடிட்' பகுதி எடுப்பவர் தகுதியானவர். யூனிவர்சல் கிரெடிட் (வேலை செய்யும் வயதினருக்கான உதவிப்பணம்) எடுப்பவர் என்றால் கடைசிக் கணிப்புக் காலத்தில் (ஒரு மாதம்) உழைப்பு வருமானம் 435 பவுணோ அதற்குக் குறைவோ இருக்க வேண்டும். பிள்ளைக்கான பகுதியோ உடல்நிலையால் வேலை செய்ய முடியாமைக்கான பகுதியோ இருந்தால் 935 பவுண் வரை.

இவை எதுவும் இல்லாவிட்டால் எச்.சி.1 என்ற படிவம். சேமிப்பு 16,000 பவுணுக்கு மேல் இருந்தால் கிடைக்காது (பராமரிப்பு இல்லத்தில் நிரந்தரமாக இருப்பவருக்கு 23,250). வருமானத்தைப் பார்த்து முழு உதவிக்கு எச்.சி.2, பகுதி உதவிக்கு எச்.சி.3 என்று சான்றிதழ் தபாலில் வரும். அகதித் தஞ்சம் கேட்டு உள்துறை அமைச்சின் உதவியில் இருப்பவருக்கு எச்.சி.2 தரப்படும். அது வராவிட்டால் கேட்டு வாங்குங்கள், மருந்துச் சீட்டு, பல், கண்ணாடி எல்லாவற்றுக்கும் அது உதவும்.

விசாவில் பொது நிதி எடுக்கக் கூடாது என்று போட்டிருப்பவர்கள் கவனம். பென்ஷன் கிரெடிட்டும் யூனிவர்சல் கிரெடிட்டும் பொது நிதிதான், அவற்றுக்கு விண்ணப்பித்தால் விசாவுக்குச் சிக்கல். எச்.சி.1 அந்தப் பட்டியலில் இல்லை.

காசு எடுக்கும் முறை: அப்பொயின்ட்மென்ட் கடிதம், பயண ரசீது, உதவிப்பணக் கடிதம் அல்லது சான்றிதழ், இவற்றோடு ஆஸ்பத்திரியின் காசாளர் அலுவலகத்துக்குப் போனால் பல இடங்களில் அன்றே தருவார்கள். அலுவலகம் பின்னேரம் நேரத்தோடு பூட்டிவிடும், போனவுடன் நேரத்தைப் பாருங்கள். அன்று முடியாவிட்டால் எச்.சி.5(டி) படிவத்தை நிரப்பித் தபாலில் அனுப்பலாம். மூன்று மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். நாங்கள் கட்டிய ஆயிரம் பவுணில் ஒரு சதமும் திரும்ப வரவில்லை. ஒவ்வொரு டாக்ஸிக்கும் முன்கூட்டியே சம்மதம் எடுத்திருக்க வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியாது, ரசீதும் இல்லை.

இருப்பதில் மலிவான, நோயாளிக்கு ஏற்ற வழிக்குத்தான் காசு தருவார்கள். துணைக்கு ஒருவர் மருத்துவக் காரணத்துக்காகக் கட்டாயம் என்று டொக்டரோ தாதியோ சொன்னால் அவருடைய செலவும் சேரும். நோயாளியைப் பார்க்கப் போகிறவருக்கு இந்தத் திட்டம் இல்லை.

11. சொந்தக் காரில் கூட்டிப்போனால்

இங்கிலாந்தின் என்.எச்.எஸ். ஆஸ்பத்திரிகளில் புளூ பாட்ஜ் (உடல் இயலாதவருக்கான கார் தரிப்பு அட்டை) உள்ளவருக்குக் கார் தரிப்பு இலவசம். புளூ பாட்ஜுக்குக் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும், கூடியது 10 பவுண். அது இல்லாவிட்டாலும், மாதத்துக்குக் குறைந்தது மூன்று தடவை, மூன்று மாதமாவது தொடர்ந்து வெளிநோயாளியாகப் போகிறவருக்கும் தரிப்பு இலவசம். டயாலிசிஸ்காரர் இதற்குள் வருவார். நிலையத்தில் கேட்டுக் கார் இலக்கத்தைப் பதிய வேண்டும், தானாக நடக்காது.

லண்டனில் பழைய கார் வைத்திருப்பவருக்கு யூலெஸ் கட்டணம் (கூடப் புகை விடும் வண்டிகளுக்கான கட்டணம்) நாளுக்கு 12.50 பவுண். பொதுப் போக்குவரத்தில் போக முடியாத அளவு நோயாளி என்று ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்டால், கட்டிய காசை அந்த ஆஸ்பத்திரி மூலமாகத் திரும்ப எடுக்கலாம். முதலில் கட்டத்தான் வேண்டும். கட்டாமல் விட்டால் அபராதம் வரும்.

12. முறைப்பாடும், ஒப்பந்தம் மாறும் காலமும்

ஒரு சின்னக் கொப்பியில் திகதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம், "தயார்" என்று சொன்ன நேரம், வீடு சேர்ந்த நேரம் எழுதி வாருங்கள். மூன்று கிழமை எழுதினால் போதும். "எப்பவும் பிந்துகிறது" என்று நான் சொன்னபோது ஒன்றும் நடக்கவில்லை. "ஒன்பது பயணத்தில் ஐந்து தடவை ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தா" என்று எழுதியபோது அடுத்த கிழமையே அம்மாவின் வண்டி வரிசையை மாற்றினார்கள்.

முதலில் டயாலிசிஸ் நிலையத்துப் பொறுப்பாளரிடமும் ஆஸ்பத்திரியின் 'பால்ஸ்' என்ற நோயாளர் உதவி மேசையிலும் சொல்லுங்கள். தீராவிட்டால் எழுத்தில் முறைப்பாடு. வண்டிக் கம்பனிக்கும் எழுதலாம், அதற்குக் காசு கொடுக்கிற ஐ.சி.பி.க்கோ ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கோ எழுதலாம். என் அனுபவத்தில் காசு கொடுக்கிறவருக்கு எழுதினால்தான் வேகம். சம்பவம் நடந்து 12 மாதத்துக்குள் எழுத வேண்டும்; கிடைத்தது என்று மூன்று வேலை நாளுக்குள் அறிவிக்க வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால் நாடாளுமன்ற, சுகாதார சேவை ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிப்பவர்) போகலாம்.

அடுத்தது, புதியவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம். இந்த ஒப்பந்தங்கள் சில வருடத்துக்கு ஒரு தடவை முடிந்து வேறு கம்பனியிடம் போகும். அப்போது உங்கள் பதிவும் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. 2016 ஏப்ரலில் தென் இங்கிலாந்தின் சசெக்ஸில் சேவை கைமாறியபோது, தொடக்க நாள்களிலேயே டயாலிசிஸ்காரர் உட்படப் பலருக்கு வண்டி வராமல் சிகிச்சை தவறியது. ஒரு வருடத்தில் அந்த வேலையை வேறொரு அம்புலன்ஸ் சேவை பொறுப்பெடுத்தது. நிலையத்தில் "புதிய வண்டிக் கம்பனி வருகிறது" என்று அறிவித்தல் ஒட்டியிருந்தால், மாறும் திகதிக்கு ஒரு கிழமை முன் புதிய இலக்கத்துக்குப் போன் எடுத்து, வகை, படி எண்ணிக்கை, துணை ஆள், தொடர் பதிவு நான்கும் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். முதல் இரண்டு கிழமைக்கு மாற்று வழி ஒன்றையும் யோசித்து வையுங்கள்.

ஒப்பந்தம் போடுமுன் நோயாளிகளிடம் கருத்துக் கேட்டு ஒரு படிவம் வரும். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், வண்டிக்குள் எவ்வளவு நேரம் இருக்கலாம், வாசல் வரை உதவி உண்டா என்பவற்றை அப்போதுதான் முடிவு செய்கிறார்கள். பிறகு மாற்றுவது கஷ்டம். அம்மாவின் நிலையத்தில் அந்தப் படிவம் தேநீர் மேசையில் ஒரு கட்டாக இருந்தது, தமிழ் ஆட்கள் ஒருவரும் எடுக்கவில்லை. நான் மூன்று எடுத்து வந்தேன். ஒன்றை அம்மா சொல்லச் சொல்ல நிரப்பினேன்: "படி ஏற ஒரு ஆள் வேணும். ரெண்டு மணித்தியாலம் இருக்க ஏலாது. சாரதிப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அதையும் எழுது."